எண்கள் பிடிபடாத பிள்ளை

மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு தாய், தம் மகளுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்க எங்கள் கிளைக்கு வந்திருந்தார். பத்து வயது நிறைந்த சிறார், வங்கி விதிக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தம் கணக்கைத் தாமே இயக்கலாம். எனவே அச்சிறுமியிடம், "ஐம்பது ரூபாய்க்கு எத்தனை பத்து ரூபாய்த் தாள், கண்ணு?" என்று கேட்டேன். தமிழும் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசியவள், விரல்களை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். "கணக்கு மட்டும் ஏறவே மாட்டேங்குது சார். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திடலாம்னு இவங்க அப்பா சொல்றாரு" என்றார் தாய்.

கணக்கு வராத பிள்ளைகள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். சிலருக்கு டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும்.

அறிகுறிகள்

அளவையும் எண்ணையும் மூளை கையாளும் முறையில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு இது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1974ஆம் ஆண்டிலேயே லாடிஸ்லாவ் கோஷ்ச் என்னும் செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் இதனை விரிவாக விளக்கினார். இக்குறைபாடுடைய பிள்ளை ஆறு பெரிதா, ஒன்பது பெரிதா என்று சொல்லத் தயங்கும். முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும். மாலையில் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டைக் காலையில் மறந்துவிடும். கடிகாரம் பார்க்கவும் மீதிச் சில்லறை வாங்கவும் திணறும்.

மொழிச் சிக்கலா, குறைபாடா?

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் இதனைப் பிரித்தறிதல் முக்கியம். தமிழில் இருபத்தொன்று என்பதில் இருபது முன்னே வருகிறது. மராத்தியின் 'ஏக்வீஸ்' என்பதிலோ ஒன்று முன்னே வருகிறது. 29ஐக் குறிக்கும் சொல்லுக்கு 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்று பொருள். இக்கடினத்தைக் குறைக்க, 2019இல் மகாராஷ்டிரத்தின் பால்பாரதி நிறுவனம் இரண்டாம் வகுப்பு நூலில் 'வீஸ் ஏக்' என்னும் முறையைச் சேர்த்தபோது மாநிலமே விவாதித்தது. பிள்ளை தமிழில் நன்றாக எண்ணி, மராத்தியில் மட்டும் தடுமாறினால் அது மொழிப் பழக்கம் சார்ந்தது. எம்மொழியிலும் எண்கள் பிடிபடவில்லையெனில் பரிசோதனை தேவை.

வீட்டில் செய்யக்கூடியவை

நூறு ரூபாய்த் தாள் மூன்று, ஒரு ரூபாய் நாணயம் ஐந்து எடுத்து வையுங்கள். பத்து ரூபாய்த் தாளுக்குரிய நடு இடம் காலியாக இருக்கட்டும். அந்தக் காலி இடமே 305இன் நடுவிலுள்ள பூச்சியம் என்பதைப் பிள்ளை கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறியும். பல்லாங்குழியும் தாயமும் நல்ல துணைகள். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் கடிந்துகொள்ளக் கூடாது.

சட்டம் தரும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்கால்குலியாவைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே ஏற்றுள்ளது. கற்றல் குறைபாடுடைய மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகை அளிப்பதை மகாராஷ்டிர அரசு 1996லேயே தொடங்கியது. கூடுதல் நேரம், கால்குலேட்டர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இதற்குச் சான்றிதழ் வேண்டும். எட்டு வயதுக்குப் பின்னரே பொதுவாக அது வழங்கப்படுகிறது. தாராவிக்கு அருகில், சயான் ஆஸ்பத்திரி என நாம் அழைக்கும் மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனையில் இதற்கெனவே ஒரு பிரிவு உள்ளது. பரிசோதனை பல அமர்வுகளாக நடைபெறும் என்பதால், பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் முன்கூட்டியே பள்ளியில் பேசி விண்ணப்பிப்பது நலம்.

அத்தாய் மகளை அங்கே அழைத்துச் சென்றார். குறைபாடு உறுதியாயிற்று, பள்ளியை விட்டு நிறுத்தும் பேச்சும் நின்றது. இன்று ஏழாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமி, பணம் கட்ட வரும்போது சலானைத் தானே நிரப்புகிறாள். இன்னமும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். சற்று நேரமாகும், வரிசையில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.