பழுப்பான மருந்தும் தெளிந்த மருந்தும்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டிலேயே கழுவிப் பார்க்கும் ஆர்வம் இளையர் சிலரிடம் மீண்டும் துளிர்த்திருக்கிறது. டெவலப்பர் எனப்படும் கழுவும் மருந்து பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட வேண்டுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால், பதில் தெரிந்தாக வேண்டும். ஒரு சுருளை ஒரு முறைதான் கழுவ முடியும். செத்துப்போன மருந்தில் போட்டால் அது வெறும் நாடாவாக வெளிவரும். அதில் இருந்தது பாட்டியின் கடைசிப் படமானாலும் போனது போனதுதான்.

மருந்து ஏன் கெடுகிறது? ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகள்களுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அவற்றைக் கறுத்த வெள்ளியாக்குவதே அதன் வேலை. கொடுக்கும் குணமுள்ள பொருள் ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவுக்கும் கொடுத்துத் தீர்ந்துபோகிறது. ஒரு லிட்டர் போத்தல் பாதி காலியாக இருந்தால், உள்ளே 100 மில்லிலிட்டருக்கும் சற்று அதிகமான பிராணவாயு அடைபட்டிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் சோடியம் சல்பைட் சேர்க்கிறார்கள். 1927இல் கோடாக் உருவாக்கிய டி-76 மருந்தில் லிட்டருக்கு மெட்டோல் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். சல்பைட் மட்டும் 100 கிராம்! (படத்தின் துகள்களை நயமாக்கும் வேலையும் அதற்கு உண்டு.) ஆயினும் பிராணவாயு பட்ட ஹைட்ரோகுவினோன் சல்பைட்டுடன் சேரும்போது கரைசலில் காரம் ஏறுகிறது. அதனால் பழைய டி-76 முதலில் வீரியம் கூடிப் படத்தை அதிகமாகக் கறுக்கவைக்கும், பிறகே தளரும். நிரம்பிய போத்தலில் 6 மாதம், பாதிப் போத்தலில் 2 மாதம் என்பது கோடாக் தந்த கணக்கு.

1891இல் வந்த ரோடினால் வேறு சாதி. செறிந்த காரத்தில் பாரா அமினோஃபினால் கரைந்த மருந்து அது. கோப்பி ஓ போலக் கறுத்தாலும் பல ஆண்டுகள் உழைக்கும். 1996இல் வந்த எக்ஸ்டோலோ நேர்மாறு. அதிலுள்ள அஸ்கார்பேட், வைட்டமின் சி குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீரில் இரும்போ செம்போ சிறிதளவு இருந்தாலும் விரைவில் சிதைந்துவிடும். நிறம் மட்டும் மாறாது. தெளிவாக இருந்தபடியே காலை வாரிவிடும்.

ஆகவே மருந்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, சிறு கண்ணாடிப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, இருட்டான, வெப்பம் குறைந்த இடத்தில் வையுங்கள். நம் 30 பாகை வெயிலில் கெடும் வேகமும் கூடும். அளவு குறைந்தால் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம். குளிர்பானப் போத்தல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹைட்ரோகுவினோன் நஞ்சு, வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

கழுவுமுன் சுருளின் ஒளிபட்ட நுனியைச் சிறிது வெட்டி, வெளிச்சத்திலேயே மருந்தில் போடுங்கள். புதிய மருந்தில், அதே வெப்பநிலையில், எத்தனை நிமிடத்தில் கறுத்தது என்று போத்தலில் முன்பே எழுதி வைத்திருந்தால் ஒப்பிட வசதி. துண்டு கறுக்காவிட்டால் சுருளை டப்பாவிலேயே விட்டுவிட்டுப் புதிய மருந்து வாங்கி வாருங்கள். எடுத்த படம் இன்னும் சில நாள் காத்திருப்பதால் கெட்டுவிடாது.