தேசி வண்ணத்துப்பூச்சிப் புழுவின் பருவங்களை அறிதல்

தேசி, தோடை ஆகியவற்றின் தளிரை உண்டு அழிக்கும் பூச்சிகளுள் தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு முக்கியமானதாகும். வளர்ந்த மரம் இழந்த இலைகளுக்கு ஈடாக மீண்டும் துளிர்த்துக்கொள்ளும். நாற்றுமேடையிலுள்ள இளஞ்செடியோ இலை முழுவதையும் இழந்து வளர்ச்சி குன்றும். வீட்டுத்தோட்டத்துக் கறிவேப்பிலையிலும் இப்புழுவைக் காணலாம்.

தாய்ப்பூச்சி இளந்தளிர்களில் வெளிர்மஞ்சள் நிறமான உருண்டை முட்டைகளைத் தனித்தனியாக இடும். சில நாட்களில் புழு வெளிவரும். புழுவின் தோல் ஓர் அளவுக்கு மேல் விரிவதில்லை. ஆதலால், அது வளரும்போது பொதுவாக நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து கூட்டுப்புழுவாகின்றது.

முதல் நான்கு பருவங்களிலும் புழு கபில நிறமாய், வெண்திட்டுக்களுடன், பறவையின் எச்சம் போலத் தோன்றும். இதனாற் கமக்காரர் பலர் அதனைக் கவனியாது விடுகின்றனர். ஐந்தாம் பருவத்திலேயே அது பச்சை நிறம் பெறும். எனவே, கபிலப் புழுவும் பச்சைப் புழுவும் வெவ்வேறு பூச்சிகள் அல்ல. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டி நெடி வீசும். அது பகைவரை விரட்டுவதற்கேயாம், மனிதருக்குத் தீங்கில்லை.

புழுவின் நீளத்தைக் கொண்டு பருவத்தைத் துணிதல் தவறாகும். ஒரே பருவத்திலும் இரை மிகுந்த புழு நீண்டும், இரை குறைந்தது குறுகியும் இருக்கும். ஆனால், தலையோடு கடினமானது. ஒரு பருவத்தினுள் அதன் அகலம் மாறாது. தோலுரிக்குந்தோறும் அவ்வகலம் ஏறக்குறைய ஒரே விகிதத்திற் பெருகும் என்பதை அமெரிக்கப் பூச்சியியலறிஞர் ஹரிசன் டயர் 1890ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இதனைக் கமக்காரரும் சோதித்தறியலாம். முட்டையுள்ள தளிரை ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டுக. நாள்தோறும் புதிய தளிர் வைத்து, எச்சத்தை அகற்றுக. அகற்றுமுன் உருப்பெருக்குக் கண்ணாடியால் தேடினால், கழன்ற தலையோடு அகப்படும். ஒவ்வொன்றும் ஒரு பருவம் முடிந்தமைக்கு அடையாளமாகும். அது கிடைத்த தேதியைக் குறித்துக்கொள்க.

புழு தன் வாழ்நாளில் உண்ணும் இலையின் பெரும்பகுதியை ஐந்தாம் பருவத்திலேயே உண்கின்றது. பச்சைப் புழு கண்ணிற்படும்போது சேதம் தொடங்கிவிட்டது என்பதே பொருள். ஆகவே, தளிர்க்குங் காலத்தில் வாரம் இருமுறை நாற்றுக்களைப் பார்வையிட்டு, முட்டைகளையும் எச்சம் போன்ற சிறு புழுக்களையும் கையாற் பொறுக்கி அழித்தல் வேண்டும். சில நாற்றுமேடைகளுக்கு இதுவே போதுமானது. மருந்துச் செலவும் மிஞ்சும்.