உப்பிலேயே பிழைக்கும் உயிர்

பினாங்குத் தமிழர் வீடுகளில் கருவாட்டுக்கு என்றும் தனி இடம் உண்டு. ஜார்ஜ்டவுன் சந்தையில் வாங்கி வந்து, டப்பாவில் போட்டு அடுப்படியில் வைத்து விடுகிறார்கள். சில வாரம் கழித்துத் திறந்தால், மேலே இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு! தொட்டால் பிசுபிசுக்கிறது. “உப்பில் எந்தக் கிருமி வாழும்? கழுவிவிட்டுக் குழம்பில் போடு” என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு.

உண்மையில் உப்பில் கிருமி வாழாதா?

வாழும். அதற்கு இந்தியாவில் ஓர் ஏரியே சாட்சி. மகாராஷ்டிரா மாநிலம், புல்தானா மாவட்டத்தில் இருக்கிறது லோனார் ஏரி. விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது. அகலம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். நீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். 2020 ஜூன் மாதத்தில் அந்த ஏரி திடீரென இளஞ்சிவப்பாக மாறியது. புனே நகரின் அகார்கர் ஆய்வு நிலையம் நீரைச் சோதித்தது. உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகியதே காரணம் எனத் தெரிந்தது. கோடையில் நீர் வற்றி உப்பு கூடியதும் அவை பெருகின. மழை வந்து நீர் கூடியதும் அடியில் படிந்தன.

கருவாட்டில் பூப்பதும் இதே குடும்பம்தான். அவற்றில் ஒன்றின் பெயர் ஹாலோபாக்டீரியம் சலினாரம். பெயரில் ‘பாக்டீரியா’ ஒட்டிக்கொண்டிருந்தாலும், இவை ‘ஆர்க்கியா’ என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தவை. அப்படி ஒரு பிரிவு இருப்பதை 1977-இல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் குழுவினர் கண்டறிந்தனர்.

கடல் நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடுதான். இந்த உயிருக்கு அதைப் போல் பல மடங்கு வேண்டும். சாதாரணக் கிருமியின் உடலில் உள்ள நீரை உப்பு உறிஞ்சிக் கொன்றுவிடும். இதுவோ பொட்டாசியம் உப்பை உடலுக்குள் நிரப்பிக்கொண்டு ஈடுகொடுக்கிறது. நல்ல தண்ணீரில் போட்டால்தான் வெடித்துச் சிதறும்! அதன் சிவப்பு நிறம், கடும் வெயிலைத் தாங்க அது பிடிக்கும் குடை.

உப்பளப் பாத்தியில் நீர் சிவப்பதற்கும் இந்த இனமே காரணம். அங்கிருந்து உப்புக் கற்களுக்குள் தங்கி, அந்த உப்பைத் தடவிய கருவாட்டுக்கும் வந்து சேர்கிறது.

அப்படியானால் கழுவிவிட்டுச் சாப்பிடலாமா? இந்த உயிர் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆனால் அது பூத்திருந்தால், கருவாடு ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்திருக்கிறது என்று பொருள். வேறு கெடுதலும் நடந்திருக்கலாம். கெட்டுப்போன மீனில் உண்டாகும் ‘ஹிஸ்டமின்’ என்னும் நச்சுப்பொருள் கொதிக்க வைத்தாலும் போகாது. கழுவினால் நிறம் போகும், கெடுதல் போகாது.

சிவந்த கருவாட்டை வீசிவிடுவதே நல்லது. வாங்கும்போதே நன்கு காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, ஈரம் படாமல் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்காது. உப்பு நல்ல காவல்காரன்தான். ஆனால் அந்தக் காவலையே வீடாக்கிக் கொண்ட உயிரும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.