மாநகரின் மேற்கே ஒரு மனக்கோயில்

சென்னைக்கு வரும் உற்றார் உறவினரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதே வழக்கம். மெரினாவில் கடற்காற்று, திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி, மயிலையில் கபாலீசுவரர், மாட வீதியில் ஒரு குவளைக் காபி என அந்த உலா கிழக்கிலேயே தொடங்கிக் கிழக்கிலேயே நிறைவுறும். மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்றால் தொழிற்பேட்டை, டாங்கித் தொழிற்சாலை, நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலை என்பதே பலருடைய நினைப்பு.

ஆனால் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலங்கள், திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம், இரண்டு நாயன்மார்களும் ஓர் ஆழ்வாரும் பிறந்த ஊர்கள் யாவும் இந்த மேற்குத் திசையில்தான் நெருங்கி அமைந்துள்ளன. நாயன்மார் வரலாற்றைப் பெரிய புராணமாக வடித்த சேக்கிழார் பெருமானும் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் தோன்றியவரே.

இத்தலங்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஓர் அடியார் கண்பார்வை இழந்த நிலையில் இங்கு வந்தார். மற்றொருவர் தள்ளாமையால் பெருமாளைச் சேவிக்கச் செல்ல இயலாமல் இவ்வூரில் தங்கினார். இன்னொருவர் கையில் ஒரு காசும் இல்லாமல் கோயில் எழுப்ப நினைத்தார். மூட்டு வலியால் பிராகாரம் சுற்ற இயலவில்லையே என்று ஏங்கும் மூத்த அன்பர்களுக்கு இவர்கள் வரலாறு பெரும் ஆறுதல்.

உணவே வழிபாடான வேற்காடு

கோயம்பேட்டிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மேற்கே சென்று, சற்றே வடக்கில் திரும்பினால் திருவேற்காடு. ஊர்ப்பெயரைக் கேட்டதும் தேவி கருமாரியம்மன் சந்நிதியே நினைவுக்கு வரும். ஆடி மாதத்தில் மஞ்சளாடை உடுத்து வேப்பிலை ஏந்தி வரும் மகளிர் கூட்டமும், மண்பானைகளில் வார்க்கப்படும் கேழ்வரகுக் கூழும், அதற்குத் துணையாகக் கிடைக்கும் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் இவ்வூரின் அடையாளங்கள்.

அம்மனைத் தரிசித்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவதுண்டு. கூவம் ஆற்றங்கரையில் அமைதியாக விளங்கும் பாலாம்பிகை உடனுறை வேதபுரீசுவரர் ஆலயத்தையும் தவறாது தரிசிக்க வேண்டும். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. அகத்தியருக்கு இறைவன் திருமணக் கோலம் காட்டியருளியதாகத் தலபுராணம் கூறும்.

மூர்க்க நாயனார் அவதரித்த ஊரும் இதுவே. அடியார்களுக்கு அமுது படைத்த பின்னரே தாம் உண்பது என்ற நியமம் உடையவர் அவர். செல்வம் கரைந்த பின்னும் நியமம் தவறக் கூடாது என்பதற்காக, தாம் அறிந்த சூதாட்டத்தையே பொருள் ஈட்டும் வழியாகக் கொண்டு குடந்தை வரை சென்றார். வென்ற பொருளைத் தம் கையால் தொடவும் மாட்டார். அமுது ஆக்குவோர் அதைப் பெற்றுக்கொள்வர். அடியார் அனைவரும் உண்ட பிறகு கடைப்பந்தியில் அமர்ந்தே உண்பார். இன்று நண்பகலில் கோயில் அன்னதானக் கூடங்களில் இலைக்கு முன் அமர்வோர் இந்த நாயனாரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

வரதர் தேடி வந்த பூவிருந்தவல்லி

நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே செல்ல, பூவிருந்தவல்லி. பூவில் உதித்த புஷ்பவல்லித் தாயாரின் பெயரால் அமைந்தது ஊர்ப்பெயர் என்பர். இங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். நந்தவனம் அமைத்து, மலர் பறித்து, மாலை தொடுத்துக் காஞ்சி வரதராசருக்குச் சமர்ப்பித்து, ஆலவட்டம் வீசுவதைத் தம் வாழ்நாள் கைங்கரியமாகக் கொண்டவர். வரதர் அவருடன் நேரில் உரையாடுவார் என்பது வைணவ மரபு. இராமாநுசருக்குப் பெருமாளின் திருவுள்ளத்தைக் கேட்டுச் சொன்னவரும் இவரே.

முதுமை வந்தது. காஞ்சிக்கு நடக்கக் கால்கள் ஒத்துழைக்கவில்லை. இனி வரதரைக் காண்பது எப்படி என்று நம்பிகள் கலங்கினார். வரதராசரே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளி அவருக்குக் காட்சி தந்தார் என்கிறது தல வரலாறு. வரதராசப் பெருமாள் ஆலயத்தில் திருவரங்கநாதரையும் திருவேங்கடவனையும் சேர்த்தே சேவிக்கலாம். மூன்று திருப்பதிகளை ஒரே இடத்தில் சேவித்த நிறைவு வாய்க்கும். பெருமாள் கோயில்களுக்கே உரிய புளியோதரையும் தயிர்சாதமும் கிடைக்கும் நாளாக அமைந்தால் அது மற்றொரு பேறு.

அருகில் மாங்காடு. ஈசனை மணம்புரிய வேண்டி அன்னை காமாட்சி பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவமிருந்த தலம். ஆதிசங்கரர் பிரதிட்டை செய்ததாகப் போற்றப்படும் அர்த்தமேரு இங்கு முதன்மை பெறுகிறது. எலுமிச்சங்கனி சமர்ப்பித்து ஆறு வாரம் வேண்டிக்கொள்வது இங்குள்ள வழக்கம்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசை. நாள்தோறும் பால் கொண்டுவந்த முதிய தம்பதியர், திருமழிசையாழ்வார் அருந்தி எஞ்சிய பாலைப் பருகி இளமை பெற்றனர் என்றும், அவர்கள் ஈன்ற மகனே கணிகண்ணன் என்றும் குருபரம்பரை சொல்லும். சகந்நாதப் பெருமாளைச் சேவிக்கும் மூத்தோர் முகத்தில் இக்கதை ஒரு புன்னகையை வரவழைக்கும்.

இருப்புப்பாதை வழியே

மற்றொரு நாளை இரயில் தடத்துக்கு ஒதுக்கலாம். தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றது. அந்தப் பழம்பெரும் தடத்தில்தான் இன்றும் சென்ட்ரலிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டிகள் ஆவடி, திருநின்றவூர் நோக்கி விரைகின்றன.

அம்பத்தூருக்குக் கிழக்கே, தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிறது பாடி. இதன் தொன்மையான பெயர் திருவலிதாயம். பரத்துவாச முனிவர் வலியன் என்னும் கரிக்குருவி வடிவில் ஈசனை வழிபட்டதால் வந்த பெயர் இது. சம்பந்தர் பாடிய இத்தலத்தின் விமானம், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற தூங்கானை மாட அமைப்புடையது. குரு பகவான் வழிபட்ட தலமாதலால் வியாழக்கிழமைகளில் கூட்டம் மிகும். முதியவர்கள் வேறு கிழமைகளில் செல்வது நலம்.

கண்ணிழந்தவர் பாடிய முல்லைவாயில்

அம்பத்தூரை அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். குறும்பர்மீது படையெடுத்துச் சென்ற தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்ள, மன்னன் வாளால் கொடியை வெட்டினான். குருதி பெருகியது. கீழே சிவலிங்கம் இருக்கக் கண்டு பதறித் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முனைந்தவனைத் தடுத்து இறைவன் காட்சி தந்தார். மன்னனுக்குத் துணைபோக நந்தியும் அனுப்பப்பட்டதால், இங்கு நந்திதேவர் இறைவனை நோக்காமல் வெளிப்புறம் நோக்கியே அமர்ந்திருக்கிறார். சந்நிதி முன்னுள்ள இரு வெள்ளெருக்குத் தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை என்பது தலவழக்கு. வெட்டுண்ட திருமேனி குளிர மாசிலாமணீசுவரர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் விளங்குகிறார். சித்திரைச் சதயத்தை ஒட்டியே காப்புக் களையப்படும்.

இந்தச் சந்நிதிக்குத்தான் பார்வையிழந்த சுந்தரர் வந்தார். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் செய்து கொடுத்த சபதத்தை மீறி எல்லை கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. தோழனாகிய ஈசனிடம் கோபமும் வருத்தமும் இருந்திருக்கும். ஆயினும் பாட்டை நிறுத்தவில்லை. தம் துயரைக் களைந்தருள வேண்டும் என்று இங்கே இறைஞ்சினார். கண் போனதைச் சொல்லும் அதே பதிகத்தில், தொண்டைமானுக்கு ஈசன் அருளிய வரலாற்றையும் பாடியிருக்கிறார். தாம் காண இயலாத தலத்தின் பெருமையை நமக்குக் காட்டிய கண் அது. உடனே பார்வை கிட்டவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். படிப்படியாக வரும் அருளும் அருளே என்பதை ஊன்றுகோலுடன் நடப்பவர்கள் நன்கு அறிவர்.

அம்பிகை கொடியிடை நாயகி. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மனையும், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் இந்த அன்னையையும் வழிபடுவது சென்னை மகளிர் போற்றும் மரபு.

திரு நின்ற ஊர்

ஆவடியைக் கடந்து சில நிலையங்கள் சென்றால் திருநின்றவூர். வைகுந்தத்தை விட்டு வந்த திருமகள் இங்கே நின்றதால் இப்பெயர். கடலரசனே தேடி வந்து "என்னைப் பெற்ற தாயே" என்று அழைத்தமையால், தாயாருக்கு அதுவே திருநாமமாயிற்று. தம் ஊரைப் பாடாமல் சென்றுவிட்ட திருமங்கையாழ்வாரைப் பின்தொடர்ந்து சென்று பாசுரம் பெற்றுவருமாறு பத்தவத்சலப் பெருமாளைத் தாயாரே அனுப்பினார் என்பர். அதற்குள் ஆழ்வார் கடல்மல்லையை அடைந்துவிட்டார். பெருமாள் அங்கும் சென்று பெற்றார்.

இதே ஊரில்தான் பூசலார் வாழ்ந்தார். சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விரும்பிப் பலரிடம் பொருள் வேண்டினார், கிட்டவில்லை. எனவே மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடினார். நல்ல நாளில் அடிநிலை பாரித்தார். இரவும் துயிலாமல் விமானம் உயர்த்திச் சுதை தீட்டினார். கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைத்தான் காஞ்சியில் பெருங்கற்றளி எழுப்பிய காடவர் கோமானும் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்துள் நாளை நாம் புகுவோம். உன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என்றருளினார்.

மன்னன் நின்றவூருக்கு விரைந்தான். கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்டான். அப்படியொன்று இங்கு இல்லை என்றனர். பூசலாரைக் கண்டு உண்மை அறிந்ததும் நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். இன்று இருதயாலீசுவரர் ஆலயத்தில் கருவறையிலேயே பூசலார் திருவுருவத்தைக் காணலாம். இதய நோயுற்றோர் இங்கு வந்து வேண்டிக்கொள்கின்றனர். ஐப்பசி அனுடத்தில் நாயனாரின் குருபூசை நிகழும்.

மூத்தோர் கவனத்துக்கு

எல்லாத் தலங்களையும் ஒரே நாளில் காண முற்பட வேண்டா. சாலைத் தலங்களுக்கு ஒரு நாள், இரயில் தடத் தலங்களுக்கு ஒரு நாள் என வகுத்துக்கொள்வது நன்று. பெரும்பாலான ஆலயங்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். ஆகவே காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்பதே உடலுக்கு உகந்த கணக்கு. சென்னை வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பொங்கலை முற்றிலும் மறுக்காமல், கண்ணில் ஒற்றி ஒரு விரலளவு உண்டு மீதியைப் பேரக்குழந்தைகளுக்குத் தரலாம்.

வெளியே செல்ல இயலாதவர்களும் கலங்க வேண்டா. இருந்த இடத்திலேயே, முல்லைவாயிலின் சந்தனத் திருமேனி முதல் நின்றவூர்க் கருவறை வரை ஒவ்வொன்றாக நினைத்துவரலாம். பல்லவன் கட்டிய கற்றளிக்கு முன்பாக ஈசன் புகுந்த கோயிலும் அப்படி எழுந்ததுதான்.