மீன் செத்து மிதந்தால்: குளக்காரரின் நோட்டும் சட்டமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கட்லா, ரோகு, நன்னீர் இறால் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. தீவனம் விளையும் நீரும் பச்சை. சாக்கடை கலந்த நீரும் பச்சை. மீன் செத்து மிதக்கும் காலையில், "நீங்களே சாணத்தை அதிகமாகப் போட்டிருப்பீர்கள்" என்று யாராவது சொன்னால் மறுக்கக் கையில் ஒன்றும் இருப்பதில்லை. குளத்தை ஒழுங்காகப் பராமரிப்பவர் தினமும் எழுதிவைக்கும் குறிப்பே அந்த மறுப்பு.

இந்த வட்டாரத்தில் இது வீண் பயமில்லை. தொழிற்பேட்டைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து, கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே மூழ்கியது. அந்தத் தண்ணீர் பாயும் திசையில் குளம் வைத்திருப்பவர்கள் வரத்துக்காலைத் தனியாக அடைத்துத் திறக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

சாணமும் சுண்ணாம்பும் இட்ட நீரில் நுண்பாசி வளரும், அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகும். கட்லா மேல்மட்டத்திலேயே அவற்றை வடிகட்டித் தின்னும். இறால் அடிமண்ணில் புழுவும் மட்கும் தேடும். பகலில் பிராணவாயு தரும் பாசி, இரவில் அதை உறிஞ்சிவிடும். அதனால்தான் விடியலுக்கு முன் குளத்துக்கு மூச்சு முட்டுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் நிம்மதி. கையை நீரில் அமிழ்த்தும்போது முழங்கை முழுகும் முன்பே உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. சாணத்தை நிறுத்த வேண்டும். தொடர்ந்து மேகமூட்டம் இருந்தாலும் அப்படியே. நீரின் நிறம், உள்ளங்கை மறைந்த ஆழம், விடியற்காலைப் பிராணவாயு, அமிலகாரத் தன்மை, இட்ட சாணம், போட்ட தீவனம் இவை தேதியோடு நோட்டில் ஏறட்டும்.

சாவும் தடயம் விட்டுப்போகும். மூச்சு முட்டினால் விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் வாய் பிளந்து மேலே வரும்; இறால் கரையோரம் ஏறி ஒட்டும். பூச்சிமருந்து போன்ற நஞ்சு எந்த நேரத்திலும் கொல்லும். அதில் இறாலும் நுண்ணுயிரும் மீனை முந்திக்கொண்டு சாகும், வரத்துக்கால் அருகே சாவு தொடங்கும். சாக்கடையோ பிராணவாயுவைத் தின்றே கொல்வதால் உங்கள் தவறைப் போலவே தோன்றும். முந்தின நாட்களின் குறிப்பு அங்கேதான் உங்களைக் காப்பாற்றும்.

சாவைக் கண்டதும் வரத்துக்காலை அடையுங்கள். வரத்து, நடுக்குளம், வடிகால் மூன்றிலும் சுத்தமான பாட்டிலில் நீர் எடுங்கள். உயிர் ஊசலாடும் மீன் சிலவற்றை ஐஸில் வையுங்கள். நேரமும் இடமும் பதியும்படி படம் பிடியுங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அம்பத்தூர் அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீங்கள் எடுத்த நீர் புகாருக்கு வலுச் சேர்க்கும். ஆனால் நீர்ச் சட்டம் 1974, பிரிவு 21-இன்படி வாரியமே முறையாக எடுத்து முத்திரையிடும் மாதிரிக்குத்தான் வழக்கில் எடை அதிகம். தாமதித்தால் தடயம் ஓடிவிடும்.

அதே சட்டத்தின் பிரிவு 24 உங்களையும் கட்டும். அறுவடை முடிந்து கறுப்புச் சேற்றைப் பொதுக் கால்வாயில் திறந்துவிடாதீர்கள். 2000-இலேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பவர் இழப்பீடு கேட்டு நிற்பதும் கடினம்.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, இழப்பீடு கோரத்தக்க சேதங்களில் நீர்வாழ் உயிரினங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பிரிவு 15-இன்கீழ் இழப்பீட்டுக்கு ஐந்தாண்டு அவகாசம். மாசைத் தடுக்கும் ஆணை மட்டும் வேண்டுமென்றால் பிரிவு 14-இன்கீழ் ஆறு மாதம்தான். இழப்பீட்டு மனுவுக்குக் கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு. பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.