கிரிக்கெட் களம் கால்பந்து அரங்கமான வரலாறு

காஞ்சிபுரத்தில் காலையில் பட்டுப் பாவு விரிக்கப்படும் தெருக்களில், மாலையில் சிறுவர்கள் பந்து உதைப்பதைக் காணலாம். அவர்கள் பெரியதொரு கால்பந்துப் போட்டியை நேரில் காண விரும்பினால், சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகே, தோல் வணிகத்தால் பெயர் பெற்ற பெரியமேட்டில் அமைந்துள்ளது ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம்.

இவ்வரங்கம் ஒரு காலத்தில் கிரிக்கெட் களமாக விளங்கியது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். மாநகராட்சி விளையாட்டரங்கம் என்று அழைக்கப்பட்ட நாளில், 1956 முதல் 1965 வரை 9 டெஸ்ட் போட்டிகள் இங்கு நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது இம்மண்ணில்தான். அந்த உலக சாதனை 2008 வரை நிலைத்திருந்தது. பின்னர் டெஸ்ட் போட்டிகள் மீண்டும் சேப்பாக்கத்திற்கே சென்றுவிட்டன.

அதே 1956-ஆம் ஆண்டின் இறுதியில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி நான்காம் இடம் பெற்றது. அவ்வணியைப் பயிற்றுவித்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் சாகிப். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அப்பெருமகனார், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தார். அப்போதே நோயுற்றிருந்த அவர், மறு ஆண்டு புற்றுநோயால் காலமானார்.

பழைய அரங்கம் 1993-இல் புதுவடிவம் பெற்றது. ஏறத்தாழ 40,000 பேர் அமரும் வண்ணம் கட்டப்பட்ட புதிய அரங்கில் அவ்வாண்டே நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. வட கொரியா கோப்பையை வென்றது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் சென்னைக்கு வந்தன. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் இவ்வரங்கம் சென்னையின் எஃப்.சி. அணியின் தாயகமாயிற்று. அவ்வணி 2015-லும் 2018-லும் வாகை சூடியது.

எனினும் ஒரு குறை உண்டு. தடகளப் போட்டிகளுக்கும் பயன்பட வேண்டிய அரங்கம் ஆதலால், ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை அமைந்திருக்கிறது. கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட அரங்குகளில் போலப் பார்வையாளர் ஆட்டக்காரரை நெருங்கி அமர இயலாது.

பேரரங்கில் ஆடுவோர் எங்கிருந்து வருகிறார்கள்? 2018-இல் வெற்றி பெற்ற அணியில் இடம்பெற்றிருந்த தனபால் கணேஷ், வடசென்னையின் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர். எளிய குடும்பங்கள் வாழும் அப்பகுதி கால்பந்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சிறுவர்களுக்கு ஆடத் திடலும் வழிகாட்டப் பயிற்றுநர்களும் கிடைத்தார்கள்.

நம் ஊர்களில் வெற்றிடங்கள் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றன. இருக்கும் ஒரு திடலையேனும் கட்டடமாகாமல் காப்பது ஊர்ப் பெரியோரின் கடமை. தறி வேலைக்கும் தனிப்பயிற்சி வகுப்புக்கும் இடையே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது விளையாட அனுமதிப்பது பெற்றோரின் கடமை. இன்ஷா அல்லாஹ், நாளை பெரியமேட்டு அரங்கில் காஞ்சிச் சிறுவன் ஒருவனும் களம் இறங்கக்கூடும்.