மவுண்டிங் ரப்பரும் ஒரு பில்லும்

ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதல் கியர் போடும்போது வண்டிக்கு அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். மீஞ்சூர் பஜார் நெரிசலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கும். வண்டி ஓடத் தொடங்கினால் நடுக்கம் குறைந்துவிடும். பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவின் பழைய காருக்கு இதுதான் வியாதி. முதலில் பார்த்த பட்டறையில் கிளட்ச் போய்விட்டது என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டை மாற்றினார்கள். சித்தப்பா ரொக்கமாகப் பணம் கொடுத்தார். பில் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. வீடு வந்து சேருவதற்குள் மறுபடியும் ‘டக்’.

இரண்டாவது மெக்கானிக் போனட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளங்கை அளவு இரும்புக் கூட்டுக்குள் இருந்த ரப்பர், பாதிக்கு மேல் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. மேலே கசிந்த ஆயில் ஊறி, விரலால் அழுத்தினால் களி போல அமுங்கியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பாரத்தை இதுபோன்ற மூன்று நான்கு மவுண்டிங்குகள்தான் தாங்குகின்றன. சூடு, ஆயில் கசிவு, வயது மூன்றும் ரப்பரைத் தின்கின்றன. நம் பக்கத்து உப்புக்காற்று ரப்பரை விட, அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் போல்ட்டையும் துருப்பிடிக்க வைக்கிறது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளால் பள்ளமான சாலை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

ஒரு மவுண்டிங் கிழிந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். இன்ஜின் ஆட ஆட சைலன்சர் பைப்பில் விரிசல் விழும். ரேடியேட்டர் ஹோஸ், ஒயரிங், ஆக்சில் எல்லாம் இழுபடும். இதைச் சின்ன ரப்பர் என்று அலட்சியப்படுத்தக் கூடாது. 1971இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே இன்ஜின் மவுண்டிங்தான். அது உடைந்தபோது இன்ஜின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்து, வண்டி தானாகவே வேகமெடுத்தது.

சோதனையை மெக்கானிக் உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் இறுகப் பிடித்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைச் சற்றே விட்டால், கெட்ட மவுண்டிங் பக்கம் இன்ஜின் துள்ளும். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கவே கூடாது. மாற்றும்போது ஆயில் சம்ப்புக்கும் ஜாக்கிக்கும் நடுவே கட்டை வைக்கிறாரா, இன்ஜின் தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகு போல்ட்டைக் கடைசியாக இறுக்குகிறாரா என்று பாருங்கள். அவசரத்தில் முறுக்கி மாட்டிய ரப்பர் சீக்கிரமே கிழியும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் பார்ட் வாங்கினாலும் சரி, உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் சரி, பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை இருக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே வேலை பார்த்தால் வாரண்டி அடியோடு போய்விடும் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைகளுக்கும் உதிரி பாகம் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் அது உத்தரவிட்டது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் என்ன மாற்றினார்கள் என்பது தனித்தனியாக வேண்டும். கழற்றிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீன் ஏற்றுகிற வண்டிதானே, வியாபார வண்டிக்கு வழக்கு போட முடியாது என்பார்கள். பிழைப்புக்காக, சுயதொழிலாக, தானே பயன்படுத்த வாங்கியவரையும் இந்தச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தீரவில்லை என்றால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, வேண்டுமென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 எண் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

சித்தப்பாவுக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஜிபே செய்திருந்தாலாவது தேதியும் தொகையும் போனில் இருந்திருக்கும். போன வாரம் உட்கார்ந்து, வண்டி எண், விட்ட தேதி, கொடுத்த தொகை எல்லாம் எழுதி, பில் கேட்டு அந்தப் பட்டறைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினோம். தபால் ரசீதையும் இரண்டாவது மெக்கானிக் எழுதிக்கொடுத்த பில்லையும் அந்தக் கிழிந்த மவுண்டிங்கோடு சித்தப்பா ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறார்.